சக்கரவர்த்தியின் மண் சேனையும் உழைப்பாளியின் ஓட்டுத் துண்டும்

1974-ம் ஆண்டு மார்ச் மாதம். சீனாவின் ஷென்சி மாகாணத்தில், சியான் நகருக்குக் கிழக்கே உள்ள லிண்டோங் பகுதியில் மழை பொய்த்து நிலம் காய்ந்து கிடந்தது. ஸீயாங் கிராமத்து விவசாயிகள் சிலர் சேர்ந்து கிணறு தோண்ட இறங்கினார்கள். தண்ணீர் கண்ணில் படுமுன் மண்வெட்டியில் தட்டுப்பட்டவை சுட்ட மண்ணால் செய்த மனித உருவங்களின் துண்டுகள். அவற்றோடு வெண்கல அம்பு முனைகள்.

தாகத்துக்குத் தோண்டிய அந்தக் குழியிலிருந்துதான், 2,200 ஆண்டுகளாக மண்ணுக்குள் அணிவகுத்து நின்ற ஒரு சேனை உலகத்தின் கண்முன் வந்தது. மூன்று பெருங்குழிகள். ஏறத்தாழ 8,000 போர்வீரர்கள் என்று மதிப்பு. ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட உருவங்கள். கூடவே தேர்கள், குதிரைகள். கி.மு. 221-ல் போட்டி ராஜ்யங்களை எல்லாம் வென்று சீனத்தை ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்த சின் ஷி ஹுவாங் என்ற முதல் சக்கரவர்த்தியின் சமாதிக்குக் காவலாக வைக்கப்பட்ட சேனை அது.

1979 அக்டோபர் 1-ம் தேதி அதே இடத்தில் பொருட்காட்சிச் சாலை திறக்கப்பட்டது. 1987-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. சில வீரர்களும் சில குதிரைகளும் கப்பலேறி, விமானமேறி, நாடு நாடாகச் சென்றன. 2007-08-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மட்டும் எட்டரை லட்சம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். அந்தக் காட்சிக்கு இட்ட பெயர் என்ன? "முதல் சக்கரவர்த்தி" என்பதுதான்.

பெயர் தவறு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது பாதிப் பெயர். மறுபாதி எங்கே இருக்கிறது? மண் வீரனின் அங்கி விளிம்பில் இருக்கிறது. வெண்கல ஆயுதத்தின் தகட்டில் இருக்கிறது. சமாதிக்கு மேற்கே ஒரு கிராமத்து மண்ணில், உடைந்த கூரை ஓடுகளின் மேல் கீறிக் கிடக்கிறது. புதைபொருள் ஆராய்ச்சியாளர்கள் பொறுமையாக அதைப் படித்து வெளியிட்டிருக்கிறார்கள். பார்க்கப் போகிற லட்சக்கணக்கான ஜனங்களுக்கு அது எட்டுவதுதான் இல்லை.

முத்திரையில் உள்ள பெயர்

இந்த அகழ்வாய்வுக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கியவர் யுவான் ஜோங்யி. அவரும் அவருடைய சகாக்களும் ஒவ்வொரு மண் வீரனையும் அங்குலம் அங்குலமாகச் சோதித்தார்கள். அங்கியின் ஓரத்தில், கை இடுக்கில், கால் பக்கத்தில், எளிதில் கண்ணுக்குப் படாத இடங்களில், சிறு எழுத்துக்கள் இருந்தன. சில, ஈர மண்ணில் முத்திரை குத்தியவை. சில, கூரிய முனையால் கீறியவை. அவை தொழிலாளிகளின் பெயர்கள்!

மறுமுறை வருவதைத் தள்ளிவிட்டு எண்ணினால், எண்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் கிடைத்தன. ஒரு வகையில், பெயருக்கு முன்னால் "அரண்மனை" என்ற எழுத்து இருக்கிறது: அரண்மனை ஜியாங், அரண்மனை தே என்பது போல. இவர்கள் அரசாங்கச் சூளைகளில் ஓடும் குழாயும் செய்த கைகாரர்கள். இன்னொரு வகையில் ஊர்ப் பெயர் வருகிறது: ஸியென்யாங் ஊர் யி என்பது போல. இவர்கள் தலைநகரத்துப் பட்டறைகளிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள். அரண்மனைச் சூளைக்காரர் செய்த உருவங்கள் ஒரே மாதிரி கம்பீரமாக இருக்கின்றன. ஊர்க் குயவர் செய்தவற்றில் முகத்துக்கு முகம் உயிர் துள்ளுகிறது என்று யுவான் கருதினார்.

இவர்களுடைய கைத்திறனைப்பற்றிச் சொல்லாமல் மேலே போக நமக்கு மனம் வரவில்லை. இன்று நாம் காணும் வீரர்கள் மண் நிறத்தில் இருக்கிறார்கள். செய்தபோது சிவப்பும் பச்சையும் நீலமும் ஊதாவுமாக மின்னினார்கள். அந்த ஊதா இயற்கையில் கிடைக்கிற வர்ணமல்ல. பேரியமும் தாமிரமும் மணலும் சேர்த்து, ஏறக்குறைய ஆயிரம் டிகிரி வெப்பத்தில் சுட்டு உண்டாக்கியது. வர்ணத்துக்கு அடியில் அரக்கு மரத்துப் பாலைப் பூசியிருந்தார்கள். குழியைத் திறந்து காற்றுப் பட்ட சில நிமிஷங்களில் அந்த அரக்கு சுருண்டு, வர்ணத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விடுகிறது. இதைத் தடுக்கச் சீன நிபுணர்களும் ஜெர்மன் நிபுணர்களும் சேர்ந்து பல ஆண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது. இன்றைய விஞ்ஞானம் காப்பாற்றத் திணறுவதை, பெயர் தெரியாத கைகள் அன்று ஆயிரக்கணக்கில் செய்து முடித்தன.

புகழ்ச்சியிலும் உண்மை வேண்டும். ஆயுதங்கள் துருப் பிடிக்காமல் பளபளப்பதைக் கண்டு, அந்தக் காலத்திலேயே குரோமியம் பூசத் தெரிந்திருந்தது என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். 2019-ல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்களும் சீன ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து சோதித்து, அந்தக் குரோமியம் பக்கத்திலிருந்த அரக்கிலிருந்து ஒட்டியது, பூச்சு அல்ல என்று காட்டினார்கள். அதனால் தொழிலாளியின் பெருமை குறைந்துவிடவில்லை. நாற்பதாயிரம் அம்பு முனைகளை ஆராய்ந்ததில் வேறொரு விஷயம் தெரிந்தது. ஒரே பெரிய வரிசையில் ஆளுக்கொரு துண்டு வேலையாக அவை செய்யப்படவில்லை. சிறு சிறு குழுக்கள் தனித்தனியே உலை வைத்து, வார்த்து, அராவி, முழு ஆயுதத்தையும் செய்திருக்கின்றன. ஒரு வேலை மட்டும் தெரிந்தவர்கள் அல்ல. எல்லா வேலையும் தெரிந்தவர்கள்.

சரி, இந்தக் கைகாரர்களைக் கௌரவிக்கத்தானே பெயரைப் பொறித்தார்கள் என்று சிலர் கேட்கலாம். இல்லை! அங்கேதான் விஷயம் இருக்கிறது.

முதலாவது குழியில் கிடைத்த சில வெண்கல ஆயுதங்களில் நீண்ட வாசகம் இருக்கிறது. முதலில் ஆண்டு. அடுத்து, பிரதம மந்திரி லூ புவெய் செய்தது என்று வருகிறது. அதற்கு அடுத்தபடி பட்டறை அதிகாரியின் பெயர். அதற்கும் கீழே உதவி அதிகாரியின் பெயர். கடைசியில், எல்லோருக்கும் கடைசியில், உலையின் முன் நின்று உருக்கி வார்த்த தொழிலாளியின் பெயர்.

கோடீசுவரரான அந்த மந்திரி தம் வாழ்நாளில் ஒரு வேலையாவது கையால் வடித்தாரா? ஆனால் "செய்தது" என்பது அவர் பெயரோடு போயிற்று. தொழிலாளியின் பெயர் எதற்கு என்றால், தப்பு நேர்ந்தால் பிடிப்பதற்கு. பொருளின் மேல் பெயர் இருந்தால் செய்தவனின் நாணயத்தைச் சோதிக்கலாம், குறை இருந்தால் தண்டிக்கலாம் என்ற ஏற்பாட்டை, லூ புவெய் ஆதரவில் தொகுக்கப்பட்ட நூலே ஒளிவு மறைவின்றிக் கூறுகிறது. பெருமை மேலே ஏறிற்று. பொறுப்பு கீழே இறங்கிற்று.

எட்டுக் காசுக் கணக்கு

அந்தத் தண்டனை எப்படிப்பட்டது? இதற்கும் மண்ணே பதில் சொல்லிற்று.

1975 டிசம்பரில் ஹூபே மாகாணம் யுன்மெங் வட்டாரத்தில், ஷுயிஹுதி என்ற இடத்தில், ஸீ என்ற ஒரு கீழ்நிலை அதிகாரியின் சவக்குழி திறக்கப்பட்டது. தங்கம் இல்லை, வைடூரியம் இல்லை. உடலைச் சுற்றி 1,100-க்கும் மேற்பட்ட மூங்கில் பட்டைகள் இருந்தன. அவற்றில் எழுதியிருந்தது சின் அரசாங்கத்தின் சட்டம். தம் ஆயுள் முழுதும் எந்தச் சட்டத்தை வைத்து ஜனங்களை விசாரித்தாரோ, அதையே துணைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார் அந்த அதிகாரி!

அந்தப் பட்டைகள் சொல்லும் சங்கதி இது. அரசாங்கப் பட்டறைகளின் வேலை வருஷா வருஷம் சோதிக்கப்படும். கடைசி இடத்துக்கு வந்த பட்டறையின் மேஸ்திரிக்கு ஒரு கவசம் அபராதம். உதவி அதிகாரிக்கும் குழுத் தலைவனுக்கும் ஒரு கேடயம் அபராதம். அவர்களுக்குக் கீழே உழைக்கும் ஆட்களுக்கு, கவசம் கோக்கும் கயிறு இருபது கட்டு. தொடர்ந்து மூன்று வருஷம் கடைசியில் நின்றால் அபராதம் இன்னும் ஏறும்.

கவசம், கேடயம் என்றால் என்ன விலை? வேறோரிடத்திலிருந்து பின்னால் கிடைத்த பட்டைகள் அதையும் சொல்லிவிட்டன. கவசத்துக்கு 1,344 காசு. கேடயத்துக்கு 384 காசு. கட்ட முடியாதவன் கதி? அரசாங்க வேலைக்குப் போய் உடலால் கழிக்க வேண்டும். ஒரு நாள் வேலைக்கு எட்டுக் காசு வரவு. அரசாங்கமே சோறு போட்டால் ஆறு காசுதான். இரண்டு காசு சோற்றுக்குப் பிடித்துக்கொள்ளப்படும். விதைப்புக்கு இருபது நாள், களை எடுப்புக்கு இருபது நாள் ஊருக்குப் போய்வரலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. நிலம் விளையாவிட்டால் வரி எங்கிருந்து வரும்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். சொந்தச் சோறு தின்று வேலை செய்தால் ஒரு கவசக் கடன் தீர 168 நாள். அரசாங்கச் சோறு தின்றால் 224 நாள். இரண்டு அபராதமும் எட்டாலும் வகுபடுகிறது, ஆறாலும் வகுபடுகிறது, மிச்சம் இல்லை. முன்பணம் வாங்கிவிட்டுச் செங்கல் சூளையில் அடைபட்ட குடும்பங்களை அறிந்த நமது வாசகர்களுக்கு இந்தக் கணக்கின் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஓட்டுத் துண்டில் உள்ள பெயர்

கடன்பட்டவர்கள் எங்கே போய் உழைத்தார்கள்? சமாதிக்கு மேற்கே ஜாவோபேஹூ என்ற கிராமம் இருக்கிறது. 1979-ம் ஆண்டு கடைசியில் அங்கே சமாதி வேலையாட்களின் சவக்குழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. சுமார் நூறு குழிகள். அவற்றில் 32-ஐத் தோண்டியபோது கிட்டத்தட்ட நூறு எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஒரே குழிக்குள் பலர். பெரும்பாலோர் இளம் வயது ஆண்கள். சவப்பெட்டி கிடையாது.

ஆனால் சில எலும்புக்கூடுகளோடு உடைந்த கூரை ஓட்டின் துண்டு ஒன்று கிடந்தது. அதில் எழுத்து கீறப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட துண்டுகள் 18. இறந்தவனின் ஊர், பெயர்; சிலவற்றில் அவனது அந்தஸ்து, அவன் எதற்காக அங்கே வந்தான் என்பது.

ஒரு துண்டைப் பாருங்கள். அவன் ஊர் டோங்வூ. கிழக்கே இன்றைய ஷாண்டோங் மாகாணத்தில், நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் உள்ளது. அவன் பெயர் ச்சிங்ஜீ. அவன் அடிமையல்ல. அரசாங்கம் அளித்த இருபது படி அந்தஸ்தில் இரண்டாவது படியில் இருந்த பிரஜை. அவன் பெயருக்கு முன்னால் ஒரு சொல் இருக்கிறது: அபராதக் கடனை உழைத்துக் கழிக்கிறவன் என்பது அதன் பொருள். மூங்கில் பட்டையில் படித்த சட்டம் இங்கே எலும்பும் ஓடுமாகக் கிடக்கிறது. எட்டுக் காசுக் கணக்கு முடியுமுன் ஆள் முடிந்துபோனான்.

ஓடுகளில் காணும் ஊர்கள் கிழக்கே சின் அரசன் வென்ற ராஜ்யங்களின் ஊர்கள். சீனத்தில் கிடைத்த மிகப் பழைய கல்லறை வாசகங்களில் இந்த ஓடுகளும் சேரும். மண் வீரன் மேல் குத்திய பெயர் தண்டிப்பதற்காக. இந்த ஓட்டில் கீறிய பெயர், இங்கே கிடப்பவன் இன்னான் என்று அறிவதற்காக. ஒரே சமாதி வேலையில் இருவிதப் பெயர்! சக்கரவர்த்தியின் பெயர் சரித்திரத்தில் நிலைத்ததற்கு ஒரு ராஜ்யமே செலவாயிற்று. ச்சிங்ஜீயின் பெயர் நிலைத்ததற்கு ஓர் உடைந்த ஓடு போதுமானதாக இருந்தது.

மண் பொம்மை உயிரைக் காத்ததா?

ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. பழைய அரசர்கள் தங்களோடு உயிருள்ள மனிதர்களைப் புதைத்தார்கள். மண் பொம்மை வந்ததும் அந்தக் கொடுமை போயிற்று. ஆகையால் இந்தச் சேனை மனித நேயத்தின் வளர்ச்சியைக் காட்டுகிறது என்கிறார்கள்.

இதில் உண்மை உண்டு. இதே சின் வம்சத்தில், கி.மு. 537-ல் இறந்த ஜிங் என்ற பிரபுவின் சமாதி ஃபெங்ஸியாங்கில் தோண்டப்பட்டபோது, அவனோடு 186 மனிதர்கள் புதைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. கி.மு. 384-ல் சின் ராஜ்யம் அந்த வழக்கத்தைச் சட்டப்படி நிறுத்தியது. அது முன்னேற்றம்தான், மறுக்க மாட்டோம்.

ஆனால் முன்னே 186 பேரைக் கொன்று புதைத்தார்கள். பின்னே மண் பொம்மைக்காகவும், மண்மேட்டுக்காகவும், சுவருக்காகவும் வேலை வாங்கிப் புதைத்தார்கள். சமாதி வேலைக்கும் அரண்மனை வேலைக்கும் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட கைதிகள் அனுப்பப்பட்டதாக, ஒரு நூற்றாண்டுக்குப்பின் எழுதிய சரித்திராசிரியர் ஸீமா ச்சியென் கூறுகிறார். சமாதியின் உள்வேலை தெரிந்த கைகாரர்களை உள்ளேயே வைத்துக் கதவை அடைத்துவிட்டார்கள் என்றும் கூறுகிறார். ஏழு லட்சம் என்பது மிகையாக இருக்கலாம். ஜாவோபேஹூவின் எலும்புகள் மிகையல்ல.

சேனை சக்கரவர்த்தியைக் காத்ததா? கி.மு. 210-ல் அவர் இறந்தார். மறு வருஷமே சென் ஷெங் என்பவன் தலைமையில், கட்டாயச் சேவைக்கு இழுத்துச் செல்லப்பட்ட 900 பேர் கலகக் கொடி தூக்கினார்கள். சென் ஷெங் யார்? கூலிக்கு ஏர் உழுதவன். கிளர்ச்சி தலைநகரை நெருங்கியபோது அரசாங்கத்துக்குச் சேனை போதவில்லை. ஆயிரக்கணக்கான மண் வீரர்கள் கூரான ஆயுதங்களோடு குழிக்குள் நிற்க, சமாதி வேலையில் இருந்த கைதிகளை அவிழ்த்துவிட்டு, அவர்கள் கையில் ஆயுதத்தைக் கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று! அதுவும் நெடுநாள் தாங்கவில்லை. கி.மு. 206-ல் சின் வம்சம் ஒழிந்தது.

நல்ல அரசனும் இரும்பு வளையமும்

"சின் சக்கரவர்த்தி கொடுங்கோலன்; அவனோடு அந்தக் கதை முடிந்தது" என்று சிலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். அடுத்து வந்த ஹான் வம்சத்து அரசவைப் பண்டிதர்களும் இதையேதான் எழுதினார்கள். சின் கெட்டது, ஹான் நல்லது என்பது அவர்களுடைய சித்தாந்தம்.

ஹான் வம்சத்தில் கி.மு. 157 முதல் 141 வரை ஆண்டவர் ஜிங் சக்கரவர்த்தி. அவர் தந்தையின் ஆட்சியையும் அவர் ஆட்சியையும் சேர்த்துச் சீனச் சரித்திரம் பொற்காலம் என்று கொண்டாடுகிறது. வரி குறைவு, தண்டனை குறைவு, ஆடம்பரம் குறைவு என்று புகழ்கிறது. அவருடைய யாங்லிங் சமாதியில் 1990 முதல் வெளிவந்த மண் பொம்மைகள் இரண்டடி உயரமே உள்ளவை. மென்மையான புன்சிரிப்பு முகங்கள். அவற்றோடு ஆடு, மாடு, பன்றி, கோழி உருவங்கள். பார்ப்பவர்கள், இது சமாதானத்தின் கலை என்று உருகுகிறார்கள்.

ஆனால் 1972-லேயே அந்தச் சமாதிக்கு அருகில் வேறொரு புதைகாடு கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. சமாதியைக் கட்டிய கைதிகளின் புதைகாடு. 29 குழிகளில் 35 எலும்புக்கூடுகள். கழுத்தில் இரும்பு வளையம். காலில் இரும்புத் தளை. செத்த பிறகும் கழற்றவில்லை. அந்த இடத்தில் மொத்தம் பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் புதைந்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளரின் மதிப்பு. இங்கே ஓட்டுத் துண்டுகூட இல்லை.

கொடிய அரசன் என்று பெயர் எடுத்தவனின் சமாதியருகே பெயர் கீறிய ஓடு. நல்ல அரசன் என்று பெயர் எடுத்தவனின் சமாதியருகே பெயரில்லாத இரும்பு வளையம். இதைக் காட்டிலும் தெளிவான பாடம் வேறு என்ன வேண்டும்? அரசனின் குணம் மாறினால் பண்டிதர்களின் ஏடு மாறுகிறது. உழைப்பவன் உடலின் மேல் அரசனுக்குள்ள உரிமை மாறாதவரை சமாதியின் அடிமண் மாறுவதில்லை. குற்றம் ஒரு மனிதனின் குரூர சுபாவத்தில் மட்டும் இருந்திருந்தால் அது அவனோடு புதைந்திருக்கும். அது ஏற்பாட்டில் இருந்தது; ஆகவே வம்சம் மாறியும் தொடர்ந்தது.

கலாசாரம் என்பது எது?

சீனத்தின் எழுத்தும் நிறுத்தல் அளவையும் நாணயமும் வண்டித்தடத்தின் அகலமும் சின் காலத்தில் ஒன்றாக்கப்பட்டன. அதன் பலன் பெரிது. அதை ஒப்புக்கொள்ளாதவன் சரித்திரம் படித்தவனாகான். மண் சேனையும் மனித குலத்தின் மகத்தான செல்வம். கட்டியவர்கள் துன்புற்றார்கள் என்பதற்காக அதைப் பார்க்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. நன்றாகப் பாருங்கள் என்றே சொல்கிறோம். துன்புற்றவர்களின் அறிவும் கைத்திறனும் அதிலே இருக்கின்றன. சக்கரவர்த்தியுடையது என்று சொல்ல அதிலே ஆணை ஒன்றுதான் உண்டு.

பழம்பொருளுக்குக் கலாசார அர்த்தம் என்ன என்று கேட்கிறவர்கள், அதை எந்த வரிசையில் வைத்துக் காட்டுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மண் வீரனைத் தனியே வைத்தால் அவன் சக்கரவர்த்தியின் புகழைப் பாடுவான். அவன் பக்கத்தில் எட்டுக் காசுச் சட்டம் எழுதிய மூங்கில் பட்டையையும், ச்சிங்ஜீயின் ஓட்டுத் துண்டையும், யாங்லிங் கைதியின் கழுத்து வளையத்தையும் வைத்துப் பாருங்கள். அதே மண் வீரன் வேறு கதை சொல்லுவான். நாலும் மண்ணிலிருந்து வந்தவை. நாலும் உண்மை. ஒன்றை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விளக்குப் போட்டு, மூன்றை அறிக்கைப் புத்தகத்துக்குள் விட்டு வைப்பது உண்மையைப் பாதியாக்குவது.

ஆகவே, இந்த வீரர்கள் எந்த நாட்டுக்குச் சென்றாலும் தங்களைச் செய்தவர்களின் பெயர்களோடு செல்ல வேண்டும். கண்ணாடிப் பெட்டியின் மேல் "சின் ஷி ஹுவாங்" என்று எழுதுங்கள். பக்கத்தில் ஜியாங், தே, யி என்றும் எழுதுங்கள். அந்த எண்பதுக்குச் சற்று மேற்பட்ட பெயர்களும் மேஸ்திரிகளின் பெயர்களே என்பதையும் எழுதுங்கள். அவர்களுக்குக் கீழே மண் வெட்டி, தண்ணீர் சுமந்து, சேறு மிதித்து, சூளைக்கு விறகு தள்ளியவர்களின் பெயர் எங்கும் கிடைக்கவில்லை என்பதையும் ஒரு வரியாவது எழுதுங்கள்.

தண்டிப்பதற்காகக் குத்திய முத்திரை, இன்று தண்டித்தவர்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது. சக்கரவர்த்தி படுத்திருக்கும் மையக் குழி இன்னும் திறக்கப்படவில்லை. திறக்கும் நாளில் உலகம் அங்கே கூடும். தங்கத்தையும் பாதரச நதிகளையும் தேடும். நாம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சமாதியின் பொருள் என்ன என்பதை, அதற்கு வெளியே, மேற்குப் பக்கத்துக் கிராமத்து மண்ணில், உடைந்த ஓட்டில் கீறிய சில எழுத்துக்கள் ஏற்கனவே சொல்லிவிட்டன.